காலி டிரம்மும் தை வெள்ளியும்

பிப்ரவரி 1, 1944, செவ்வாய்.

ஆவடி முழுக்கப் பனி. ஏழரை மணிக்குக்கூட ராணுவ டிப்போ வேலி தெரியவில்லை. மூக்கு ஒழுகல்.

சார்ஜென்ட் துரை கூப்பிட்டு ஒரு தாள் கொடுத்தார். பெட்ரோல் கிடங்கு விதிகள், எல்லாம் இங்கிலீஷ். கூலிகளுக்குப் புரியும்படி தமிழில் எழுதிப் பலகையில் போட வேண்டுமாம். இரண்டு நாள் கெடு. இங்கே இங்கிலீஷ் தெரிந்த ரைட்டர் நான் ஒருவன்தான், அதனால் என் தலையில். உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

இதுவரை எழுதியது:

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது. தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தங்கும். கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீர் ஊற்றி அணைக்காதே. பெட்ரோல் அதன்மேல் மிதந்து போய் அடுத்த இடத்தையும் கொளுத்தும். மணல் போடு.

தினமும் முகர்கிறவன் தன் மூக்கை நம்பக் கூடாது. பழகிவிட்டால் வாசனை தெரியாது.

நிறைந்த டிரம் எரியும். காலி டிரம் வெடிக்கும்.

இந்தக் கடைசி சங்கதி எனக்கே நம்பும்படி இல்லை. துரையிடம் கேட்டேன். நிறைந்த டிரம்மில் காற்றுக்கு இடமில்லை. காலி டிரம்மில் ஒட்டின சொட்டு ஆவியாகிக் காற்றோடு கலந்து நிற்கும், ஒரு பொறி போதும் என்றார். மூடித் துவாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே சொன்னார்.

உள்ளே கொண்டுவரக் கூடாதவை என்று ஒரு பட்டியல். துரை தாளில் தீக்குச்சி, சிகரெட், விளக்கு, அடுப்பு, ஆணி அடித்த பூட்ஸ். நம் ஆட்கள் எங்கே சிகரெட்டைக் கண்டார்கள். பீடி, சுருட்டு, செருப்பு என்று யோசித்து யோசித்து நானே சேர்த்தேன். மொத்தம் எட்டு.

பிப்ரவரி 3, வியாழன்.

பலகை ஏறிவிட்டது. கறுப்பில் வெள்ளை எழுத்து. கொஞ்சம் கோணல்.

முனுசாமி மேஸ்திரி எழுத்துக்கூட்டிப் படித்துக் கூலிகளுக்குச் சொன்னார். பிறகு என்னிடம், "கண்ணுக்கே தெரில, அது எப்டி ரைட்டர் ஐயா நடந்து வரும்?"

துரை செய்து காட்டினார். நீளத் தகரத்தைச் சாய்த்து வைத்து, மேல் முனையில் பெட்ரோல் நனைத்த துணி, கீழ் முனையில் மெழுகுவத்தி. சும்மா நின்றோம். திடீரென்று நீலமாக ஒரு ஓட்டம், கீழிருந்து மேலே. துணி பற்றிக்கொண்டது. மத்தியானம் முழுக்க ஒருத்தனும் பீடி கேட்கவில்லை. சாயந்தரம் கேட்டுக்கு வெளியே போனதும் ஆரம்பித்துவிட்டார்கள்.

கோவிந்தன் மாமா கேட்டுக்கு வந்திருந்தார். என் தனம் அக்காளின் புருஷன். திருநின்றவூரில் மூன்று காணி நெல்.

"மச்சான், நெல்லு அவிக்க ஒரு டிரம்மு கெடைக்குமா? பானைல அவிச்சி அவிச்சி உங்கக்காளுக்கு இடுப்பே போச்சு."

துரையைக் கேட்கவேண்டும். துருப்பிடித்துத் தள்ளினவை நாலைந்து கிடக்கின்றன.

பிப்ரவரி 6, ஞாயிறு.

துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டிரம்மோடு மாட்டுவண்டியில் திருநின்றவூர். ஏரியில் தண்ணீர் நிறைய. முதுகு கடகடத்துவிட்டது.

விதிப்படி டிரம்முக்கு நீராவி விடவேண்டும். டிப்போவில் அதற்கு வழி இல்லை. நேற்று மூன்று தடவை கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினேன். முகர்ந்தும் பார்த்தேன்.

அக்கா கிட்டே வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "நாறுதே தம்பி."

"ஒண்ணும் நாறல அக்கா. துரு வாசன."

மூடியைத் திறந்து களத்து ஓரம் வெயிலில் வைத்தேன். அடுத்த ஞாயிறு வந்து, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, நானே மேல் தகட்டை வெட்டித் தருவதாகப் பேச்சு. அதுவரைக்கும்: பக்கத்தில் அடுப்பு கூடாது. அந்தி விளக்கு கூடாது. கொல்லனிடம் போகக் கூடாது. பீடி கூடவே கூடாது. மாமாவைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒப்பித்தார், சிரித்துக்கொண்டே. எனக்குக் கோபம். இது விளையாட்டில்லை, நாக்கில் சனி வைத்துக்கொண்டு சிரிக்காதீர்கள் என்று கத்திவிட்டேன்.

அக்கா சொன்னாள், "நீ போ தம்பி. நான் பாத்துக்கறேன். இவர நான் உடுவனா?"

கருவாட்டுக் குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் கையால் சாப்பிட்டு மூன்று மாதம் ஆகிறது.

பிப்ரவரி 9, புதன்.

சட்டைப் பொத்தான் இரண்டு. சோப்பு. அம்பத்தூர் கொல்லனிடம் உளி இரவல். ஞாயிறு வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று துரையிடம் சொல்லியாயிற்று.

பலகையைத் துரை யாரோ பெரிய துரைக்குக் காட்டினாராம். "குட் ஜாப்" என்றார் என்னிடம்.

பிப்ரவரி 11, வெள்ளி.

பனி இல்லை. நல்ல வெயில்.

பத்து மணிக்கு அக்கா பக்கத்து வீட்டு ஆள் கேட்டில். மூச்சு வாங்குகிறது. "டிரம்மு வெடிச்சிகினு போச்சு சாமி. உங்கக்காவ ரயில்ல பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்ட்டாங்க."

பீடி. வேறென்ன. ரயிலில் வழி முழுக்க மாமாவைத் திட்டிக்கொண்டே போனேன், வாய்விட்டு. எதிரே இருந்த கிழவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் மாமா. சட்டையைப் பிடித்துவிட்டேன். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. "நான் ஏரிக்கரைல மாடு கழுவிகினு இருந்தேன் மச்சான். சத்தம் கேட்டுதான் ஓடியாந்தேன்."

நம்பவில்லை. அக்காவைப் பார்க்க விடவில்லை.

பிப்ரவரி 12, சனி.

அக்காவைப் பார்த்தேன். முகம், மார்பு, இரண்டு கை, எல்லாம் கட்டு. வாய் மட்டும் தெரிகிறது. டாக்டர், இரண்டு நாள் தாண்டினால் சொல்கிறேன் என்கிறார்.

குரல் தெளிவாகவே இருக்கிறது. சொன்னபடியே எழுதி வைக்கிறேன்.

"மாமாவத் திட்டாத தம்பி. அவர் மேல தப்பு இல்ல. நீ சொல்லிட்டுப் போன நாள்லேந்து தீப்பெட்டி என் இடுப்புலதான் கீது. பீடி வேணும்னா தெருமுனைக்கிப் போன்னு தொரத்திட்டேன். அடுப்பக்கூட பின்னால மாத்திட்டேன்."

பிறகு எப்படி அக்கா என்றேன்.

"அதான் எனக்கும் தெரில. தை கடசி வெள்ளியாச்சே. ஊட்டுக்கு வந்த புதுச் சாமான், அதுல நெல்லு அவிக்கப் போறோம். தலைக்கி ஊத்திகினு, அதும் வாயச் சுத்தி மஞ்சா பூசி, பொட்டு வச்சி, கற்பூரம் காட்டினேன். அவ்ளோதான். நெருப்பே கிட்ட கொண்டுபோகல தம்பி."

இரண்டு தடவை சொன்னாள். நான் ஆமாம் அக்கா, ஆமாம் என்றேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கும் தோன்றவில்லையே. வெள்ளிக்கு வெள்ளி என் வீட்டிலும் கற்பூரம் ஏற்றுகிறேன், கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். பட்டியல் எழுதினபோது துரைக்குத் தெரியாததையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தவன். இது துரைக்கு எப்படித் தெரியும்.

நாறுதே என்று அவள் சொன்னாள். இல்லை என்றேன். மூக்கை நம்பக் கூடாது என்று என் கையாலேயே பலகையில் எழுதின மூன்றாம் நாள்.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். அவரும் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

பிப்ரவரி 14, திங்கள்.

விடிகாலை நாலு மணிக்கு அக்கா போய்விட்டாள்.

மதியம் திருநின்றவூர். மாமா கொள்ளி வைத்தார். களத்தில் மஞ்சள் படிந்த தகரம் ஒரு துண்டு கிடந்தது. எடுத்து ஏரியில் எறிந்தேன்.

மார்ச் 2, வியாழன்.

காரியம் முடிந்து இன்றுதான் டிப்போ. வெக்கை ஆரம்பித்துவிட்டது. துரை தோளைத் தட்டினார். ஏதோ சொன்னார், காதில் விழவில்லை.

மத்தியானம் பிரஷ்ஷும் வெள்ளைப் பெயிண்ட்டும் வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனேன். பட்டியலில் இடம் இல்லை. செருப்புக்குக் கீழே, சட்டத்தை ஒட்டி, நெருக்கி எழுதினேன். ற்-க்குப் புள்ளி பெரிதாகிவிட்டது.

முனுசாமி மேஸ்திரி பின்னால் நின்று எழுத்துக்கூட்டினார். அவருக்கு அக்கா போனது மட்டும்தான் தெரியும். எப்படி என்று தெரியாது.

"கற்பூரமா? இன்னா ரைட்டர் ஐயா, சாமி சமாச்சாரத்தப் போயி பீடி, செருப்போட சேத்து எழுதிகினு கீறீங்க?"

முகம் சுருங்கிப்போயிருந்தது அவருக்கு. அழிக்கச் சொல்லித் துணியை நீட்டினார்.

ஈரம், தொடாதீர்கள் என்றேன்.