நீ திறந்து பார்க்காத படம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உனக்கு அங்கே உடம்பும் வேலையும் ஒரு குறையில்லாமல் இருக்கட்டும். நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் பக்கத்திலேயே வந்து நிற்கிறார், கம்ப்யூட்டரில் எழுதினால் படித்துவிடுவார், அதனால்தான் இந்தக் காகிதம்.

நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் இப்போது எனக்குச் சக்களத்தி. பள்ளிக்கூட வேனைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அப்பா நேரே அதன் முன்னால்தான் உட்காருகிறார். மொட்டை மாடியில் டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறார், அப்படிச் செய்தால் மங்கலான நட்சத்திரமும் பளிச்சென்று தெரியுமாம். டெலஸ்கோப்பில் பார்த்த பழக்கத்தில் கம்ப்யூட்டரையும் இடது கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். கோழி பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வேன், சிரிப்பார். இப்போது சிரிப்பதில்லை. படங்களில் ஒரு கறுப்புப் புள்ளி நட்சத்திரங்களை மறைக்கிறதாம். முதலில் தூசி என்று கேமராவைத் துடைத்தார், திரையைத் துடைத்தார், போகவில்லை. ஒரே இடத்தில் நிற்காமல் நகர்கிறதாம், இதுவரை யார் கண்ணிலும் படாத ஏதோ ஒன்று என்கிறார். வரவரப் பெரிதாகிறதாம், அப்படியென்றால் கிட்டே வருகிறது என்று அர்த்தமாம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன். புள்ளியே இல்லை. எனக்கு என்ன தெரியும் என்று மாடி வீட்டு போட்டோகிராபரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “படம் சுத்தமா இருக்கு அண்ணி. அண்ணனைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க” என்றார். இவரோ வர மாட்டேன் என்கிறார். “என் பொண்ணே பாத்துட்டுத் தெரியுதுன்னு சொல்லிட்டா, உங்களுக்கென்ன?” என்று வாயை அடைக்கிறார். உனக்கு அனுப்பிய படத்துக்கு, ‘தெரியுதுப்பா, சூப்பர்’ என்று நீ போட்ட பதிலைப் பெரிய எழுத்தாக்கித் திரையில் வைத்திருக்கிறார். நீ அந்தப் படத்தைத் திறந்தாவது பார்த்தாயா? வேலை நெருக்கடியில், அவர் மனசு நோகக் கூடாது என்று சொல்லியிருப்பாய், உன்னைத் திட்டவில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார். போன வாரம் வேனின் பக்கவாட்டில் நீளமாகக் கீறல், எங்கே உரசியது என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார். சாவியை ஒளித்து வைத்தேன், அவரிடம் இன்னொன்று இருக்கிறது.

நேற்று சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், கன்னத்தில் ஏதோ கறுப்பாக ஒட்டியிருக்கிறது, துடை என்றார். துடைத்தேன். இன்னும் இருக்கிறது என்றார். மறுபடியும் துடைத்தேன். அப்போது அவர் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டுதான் பார்த்தார்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லிவிடப் போகிறேன். வேலை போகும், என் முகத்தில் விழிக்க மாட்டார், பரவாயில்லை, பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும். ஆனால் அவரை டாக்டரிடம் போக வைக்க உன்னால்தான் முடியும்.

தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, நேரத்துக்குச் சாப்பிடு. நீ என்றைக்கும் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, படத்தில் என்ன தெரிகிறது என்று சொல். இந்த முறை பார்த்துவிட்டுச் சொல்.

உன் அம்மா