வெறும் வயிறு

ஏப்ரல் 11, 2024

கிரியாட்டினின் 1.6. அதற்குக் கீழே, கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு எண்: 35. நூற்றுக்கு முப்பத்தைந்து. நான் படித்த அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் அது பாஸ் மார்க்.

"பாட்டி, இது பரீட்சை இல்லை" என்றாள் மிருதுளா. என் பிள்ளை ஸ்ரீநாத்தின் பெண். ஜாதவ்பூரில் இஞ்சினியரிங் படிக்கிறாள். கொல்கத்தாவில், இந்த டாக்குரியா வீட்டில் என்னோடு இருக்கிறாள்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. புனேயிலிருந்து ஸ்ரீநாத் போன். "டயாலிசிஸ்னு வந்தா அங்க யார் இருக்கா? வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடும்மா. மிருதுவை ஹாஸ்டல்ல போட்டுடலாம்."

மிருதுளாவின் முகம் சுண்டிவிட்டது. யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? மருமகள் அடுக்களையில் போய், உப்பு எங்கே இருக்கு என்று கேட்டுக்கொண்டு நிற்கவா?

ஏப்ரல் 19

ஏகாதசி. காபி மட்டும். இந்த வெயிலில் எனக்குக் குளிர்கிறது. மிருதுளா ஃபேனைப் போடுகிறாள், நான் அணைக்கிறேன். கிட்னிதான் போலிருக்கிறது.

ஏப்ரல் 24

கிட்னி டாக்டரம்மா ரிப்போர்ட்டைவிட என் முகத்தைத்தான் பார்த்தாள். வீக்கமாம். குரல் கட்டையாம். தைராய்டு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா மாஷிமா என்றாள். இந்த ஊரில் கிழவிகள் எல்லாரும் மாஷிமாதான். எனக்குக் கோபம். ஒரு நாள் விட்டதில்லை. தினமும் வெறும் வயிற்றில்.

"எதோடு முழுங்குவீங்க?"

"காபியோட."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். காபி என்ன சாப்பாடா? ஏகாதசிக்கே தோஷமில்லையே என்றேன். மிருதுளா இதைப் பெங்காலியில் சொல்ல, டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு. பெருமாள் ஒத்துக்கொள்வார், மாத்திரை ஒத்துக்கொள்ளாதாம்.

ஏப்ரல் 26

தைராய்டு ரிப்போர்ட் வந்தது. காபியோடு போன மாத்திரை உடம்பில் சரியாகச் சேரவே இல்லை.

"கிட்னிக்குள்ள யாரும் எட்டிப் பார்க்கலை பாட்டி. ரத்தத்துல இருக்கற கிரியாட்டினினை வெச்சுப் போடற கணக்குதான் அந்த முப்பத்தஞ்சு. தைராய்டு மந்தமானா கிட்னியும் சோம்பிப் போகும், கிரியாட்டினின் ஏறும்."

"நிஜமாவே கெட்டிருந்தா?"

"தைராய்டைச் சரிபண்ணிட்டு மறுபடி பார்த்தாத்தான் தெரியும்."

ஸ்ரீநாத்திடம், அதுவரை பொறு என்றேன். காபி விஷயம் சொல்லவில்லை.

மே 9

மாத்திரை, தண்ணீர். பிறகு ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். டிகாஷன் வாசனையில் தலை வெடிக்கிறது. ஒருவேளை அந்த முப்பத்தைந்து ஏறாவிட்டால்? — வேண்டாம்.

ஜூலை 10

கிரியாட்டினின் 1.0. கணக்கு 61. வயசுக்குப் பரவாயில்லை, அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்றாள் டாக்டரம்மா. அறுபதுக்கு மேல் ஃபர்ஸ்ட் கிளாஸ். மிருதுளாவே சொன்னாள், நான் சொல்லவில்லை.

ஸ்ரீநாத் கேட்டான், "எப்படிம்மா?"

"தைராய்டுடா."

"காபிப்பா, காபி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். போனை வைத்துவிட்டேன். புனே பேச்சை அவனும் எடுக்கவில்லை.

ஃபேன் அஞ்சில் ஓடுகிறது. நான்தான் வைக்கச் சொன்னேன்.