எருமை தின்ற பலகை

அன்பு மகன் பய்யூமிக்கு, உன் உம்மா நபவிய்யா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் தங்கை ஸகிய்யாவும் அல்லாஹ் கிருபையால் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. குவைத்தில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகம் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் கை ஓடாது.

நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், வார்த்தை தடித்துவிடும் என்று விட்டுவிட்டேன். பலகை அழுத்தும் மெஷினுக்கு ஆள் பார்த்துவிட்டாயாம், விற்றுவிட்டு நான் சும்மா உட்கார வேண்டுமாம், உம்மு பய்யூமி, அதாவது பய்யூமியின் உம்மா, வைக்கோல் விற்கிறாள் என்று ஊர் பேசுவதால் உன் பெயர் கெடுகிறதாம். விற்க மாட்டேன். முதலிலேயே எழுதிவிட்டேன், கடைசி வரை தேட வேண்டாம்.

அறுவடை முடிந்து, எப்போதும்போல வயலெல்லாம் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள், கொடியில் போட்ட துணியெல்லாம் கரி, ஸகிய்யாவுக்கு மூச்சிரைப்பு. ஆனால் இந்த வருஷம் பதினோரு வீட்டார் கொளுத்தாமல் என் கொட்டகையில் கொண்டுவந்து கொட்டினார்கள். நறுக்கி, கஞ்சிப்பசையில் பிசைந்து, சூட்டில் அழுத்தினால் பலகை. சுவரின் உள்பக்கம் அடித்தால் வெயில் உள்ளே வராது. நீ விற்கும் தெர்மாகோல் செய்கிற அதே வேலைதான், அது பூமிக்கடி எண்ணெயில் பிறந்தது, இது நம் வயலில் முளைத்தது, அவ்வளவுதான்.

ஊரில் ஆஸ்பத்திரிக்கு இரண்டு அறை கட்டுகிறார்கள். அந்தச் சுவருக்கு என் பலகை ஆகுமா என்று பார்க்க மன்ஸூரா டவுனிலிருந்து இஞ்சினியர் தௌலத் வந்தாள். தப்பு என்னுடையதுதான், மறைக்கவில்லை, பசை விரிசல் விடாதிருக்கக் கரும்புப்பாகு ஊற்றியிருந்தேன். நம் வீட்டில் எதற்குத்தான் பாகு ஊற்றாமல் இருந்தோம். அவள் டீ குடித்து முடிப்பதற்குள், வெளியே சாய்த்துவைத்த பலகையில் ஒரு மூலையைப் பக்கத்து வீட்டு ஷெஹாத்தாவின் எருமை மென்றுவிட்டது. தெருவே சிரித்தது. அவன் சும்மா இருப்பானா, "உம்மு பய்யூமி, நீ செய்யுறது சுவரா, தீவனமா? நோயாளிக்குப் பசிச்சா சுவரைக் கடிச்சுக்கலாம் போல" என்றான். நான் விடவில்லை, "ஏன்டா ஷெஹாத்தா, போன வருஷம் உன் பெரிய எருமை எதைத் தின்னு செத்துச்சு? வயித்தைக் கிழிச்சப்ப என்ன வந்துச்சுன்னு நீயே சொல்லு" என்றேன். பிளாஸ்டிக் பையும் தெர்மாகோலும் வந்ததை ஊரே பார்த்ததுதானே. "என் சுவரைத் தின்னது நாளைக்கும் பால் கறக்கும், எனக்கு ஒரு சொம்பு குடுத்துவிடு" என்றேன். மறுநாள் கறந்தது. பாலும் வந்தது.

தௌலத் மட்டும் நியாயமாகப் பேசினாள். "பலகை நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா மழை ஈரம், எலி எல்லாம் இருக்கே. யாராச்சும் ஒரு வருஷம் இதை அடிச்ச அறையில இருந்து காட்டட்டும், அதுக்கப்புறம்தான் நோயாளிங்க இருக்கிற அறையில நான் அடிக்க முடியும்" என்றாள். அதுவரை ஒரு அறையின் சுவரை முடிக்காமல் வைத்திருக்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள். பாகை நிறுத்திச் சுண்ணாம்பு சேர்த்தேன், இப்போது எருமை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது.

இனி உனக்குக் கசப்பான சேதி. நீ அனுப்பிவைத்து, லீவில் வந்து உன் கையாலேயே என் அறையில் அடித்துக்கொடுத்த தெர்மாகோல் முழுவதையும் பிடுங்கிவிட்டேன். ஒரு வருஷம் இருந்து காட்டப்போவது நான்தான். பிடுங்கும்போது அடியில் நீ பென்சிலால் எழுதிய அளவுகள் இருந்தன. மூன்று வருஷம் கழித்தும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, அதே அளவுக்குப் பலகையை அறுத்து அடித்தேன். ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. ஸகிய்யாவின் மூச்சு மருந்தை மறக்காமல் வாங்கி வா. பெருநாளுக்கு வரும்போது அந்த அறையில்தான் உனக்குப் படுக்கை. வெக்கையாக இருந்தால் என் முகத்துக்கு நேரே சொல், மெஷினை நீ பார்த்த ஆளுக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் பொய் சொல்லாதே. உனக்கும் பிள்ளைகளுக்கும் ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். உன் வியாபாரத்துக்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
உன் உம்மா,
நபவிய்யா