காய்த்து நின்ற ரோஜா

மீன் கழுவிய தண்ணீரை இன்று காலை ரோஜாச் செடிக்கு ஊற்றினேன். வாடை எழும்பியது. பக்கத்து வீட்டு அம்மா சன்னலைச் சாத்திக்கொண்டார். எனக்கோ நீ வந்து பக்கத்தில் நிற்பது போல் இருந்தது. இந்த வாடைக்கு நீ ஒரு நாளும் மூக்கைப் பொத்தியதில்லை. "செடிக்கு இதுதாங்க பிரியாணி," என்பாய்.

உனக்கு ஒரு சேதி. நீ போன பிறகு நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன்! யோங் பெங் ஊர்க் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. 'ஜ' மட்டும் ஒரு வாரம் என்னைப் படுத்திவிட்டது. 'ரோஜா' என்று முழுதாக எழுதிய அன்று டீச்சரிடம் காட்டினேன், பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினேன், வெளியே வந்து பூக்கடைக்காரரிடமும் காட்டினேன். "தாத்தா, இதக் காட்டி ஓசியில பூ கேக்கறீங்களா?" என்று சிரித்தார். கடைப் பலகைகளை இப்போது சத்தமாக வாசித்துக்கொண்டுதான் நடக்கிறேன். இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன். வாயால் சொல்ல முடியாமல் போனதைக் கையாவது சொல்லட்டும்.

ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். அவர் பங்களாவைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த நீ, அங்கிருந்து மூன்று ரோஜாக் குச்சிகளை ஒடித்து வந்து நாம் இருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் நட்டாய். நமக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மறு வருஷம் சயாமில் ரயில் பாதை போட என்னை லாரியில் ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். நீ அழவில்லை. கொண்டையில் இருந்த பூவைத் தொட்டுக் காட்டி, "நீங்க வர்ற வரைக்கும் இது எறங்காது," என்றாய்.

அந்தச் சொல்லை நீ எப்படிக் காத்தாய் என்பதை அடுத்த வீட்டுப் பச்சையம்மா அக்கா பிறகு சொன்னார். கவாத்து செய்த செடி மறுபடி பூக்க ஆறு ஏழு வாரம் ஆகும். அதனால் மூன்றையும் ஒன்றாக வெட்டாமல் முறை வைத்து வெட்டினாயாம். ஒன்று துளிர்க்கும்போது ஒன்று மொட்டு விடும், ஒன்று பூத்திருக்கும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே, பால்மரம் சீவும் கத்தியால் சாய்வாக ஒரே வெட்டு. கரும்புள்ளி விழுந்த இலைகளை மழை விட்டதும் கிள்ளி எரிப்பாயாம். லயமே மரவள்ளிக் கிழங்கைத் தின்று காலம் தள்ளிய நாட்கள் அவை. நீ ஆற்றில் பொடிமீன் பிடித்துக் கழுவி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவாய்.

"புருசன் சயாம்ல சோத்துக்கு அலையிறான், இவ இங்க பூவுக்கு அலையிறா," என்று குழாயடியில் பேசினார்களாம்.

"பூ இருக்கிற வரைக்கும் அவரு இருக்காரு. நீங்க தண்ணியப் புடிங்கக்கா," என்றாயாம் நீ.

சண்டை முடிந்து நான் வந்து சேர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டவை அந்தச் செடிகள்தான். ஒரு பூ இல்லை. பறிக்காமல் விட்ட பூக்கள் எல்லாம் காயாகிச் சிவந்து நின்றன. யாரும் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே நீ வெறும் நெற்றியோடு கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்துக் கத்தவில்லை. தலையில் அடித்துக்கொண்டாய்.

என்னோடு சயாமுக்கு வந்து எனக்கு முன்னால் திரும்பியிருந்த முனியாண்டி உன்னிடம் வந்து, "அங்க கணக்கெழுதற கிராணி வாசிச்ச செத்தவங்க லிஸ்டுல ஒம் புருசன் பேரு இருந்துச்சு தங்கச்சி. என் காதால கேட்டேன்," என்று சொல்லியிருந்தான். அன்று இறக்கிய பூ.

கோயிலில் உனக்கு மறுபடி தாலி கட்டினேன். பூ மட்டும் நீ வைக்கவில்லை. நாற்பது வருஷம் ரோஜா வளர்த்தாய், பூத்ததை எல்லாம் சாமிக்கும் பள்ளிக்கூடம் போகும் பெண்களுக்கும் கொடுத்தாய். கேட்டால், "உயிரோட இருந்த மனுசனச் சாவடிச்ச கை இது. இந்தக் கையால எப்படி வைப்பேன்?" என்பாய். நான் பேசாமல் இருப்பேன். பெருந்தன்மை என்று நீ நினைத்தாய்.

முனியாண்டி பொய் சொல்லவில்லை. சயாமில் ஒவ்வொருவர் கழுத்திலும் பெயர் எழுதிய மரத்துண்டு தொங்கும். குசினியில் சமையல் வேலை பார்த்த ஒருவர் காலராவில் என் பக்கத்திலேயே இறந்தார். அப்போது என் கால் புண்ணில் புழு வைத்திருந்தது. எங்களை வேலை வாங்கிய மண்டோர் குனிந்து சொன்னார்: "அவன் துண்ட நீ மாட்டிக்கடா. குசினிக்குப் போனா பொழைச்சுக்குவ. ஜப்பான்காரனுக்கு நம்ம மூஞ்சியெல்லாம் ஒரே மூஞ்சிதான்." என் துண்டை இறந்தவர் கழுத்தில் நானே கட்டினேன். மறுநாள் பட்டியலில் நான் செத்துப்போனேன். மிச்ச நாளெல்லாம் அவர் பெயருக்கு "இருக்கேன்" என்று பதில் சொல்லிச் சோறு தின்றேன்.

இதை உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீ அடுத்துக் கேட்கப்போகும் கேள்விக்குப் பயந்தேன்: "அப்ப அவரு பொண்டாட்டிக்கு யாரு சொன்னா?"

சாஆ ஊரில் கோயில் வேலை என்று சொல்லிவிட்டு ஒரு முறை போனேனே, ஞாபகம் இருக்கிறதா? கோயிலுக்குப் போகவில்லை. இறந்துபோன அந்தக் குசினிக்காரருடைய தோட்டத்தைத் தேடிப் போனேன். வீட்டைக் காட்டினார்கள். வாசலில் ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு. நரைத்த கொண்டையில் ஒரு துண்டுக் கதம்பம். "யாருங்க வேணும்? எங்க வீட்டுக்காரரத் தெரிஞ்சவங்களா?" என்றார். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "வழி தப்பி வந்துட்டேம்மா," என்று சொல்லித் திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்தால் நீ, "துன்னூறு கொண்டாந்தீங்களா?" என்று கையை நீட்டினாய். வெறுங்கையோடு நின்றேன்.

என் தங்கமே, உன் கை யாரையும் சாகடிக்கவில்லை. அந்தப் பட்டியலில் என்னைச் சேர்த்தது என் கை. நீ அத்தனை வருஷமும் பூ வைத்திருக்கலாம்.

நேற்று முழுக்க இன்னொரு தாளில் எழுதினேன். சாஆவுக்கு அதை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். அந்த வீட்டில் இப்போது யார் இருந்தாலும் கொடுப்பேன். 'காத்தமுத்து சயாமில் காலராவில் இறந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். கடைசியாகத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.' இவ்வளவுதான். எழுத்து கோணல்தான், ஆனால் வாசிக்கலாம்.

தாளின் மேலே யாருக்கு என்று எழுத வேண்டுமாம், டீச்சர் சொன்னார். அந்த இடம் காலியாக இருக்கிறது. அந்த அம்மாவின் பெயரைக் கேட்காமலே அன்றைக்கு வந்துவிட்டேன்.