மஞ்சள் தங்கூசி

ஞாயிறு, நொஷாட்டல்.

பெர்ஷ் மீனுக்கு மலிவான தூண்டில் தடியே போதும், நுனி மெல்லியதாக இருந்தால் சரி. நேற்றுக் கடையில் அதை உடனே எடுத்துவிட்டேன். தூண்டில் நூலான தங்கூசியில்தான் நெடுநேரம் நின்றேன். நிறமில்லாதது விலை குறைவு, மீனுக்கும் தெரியாது. ஆனால் ராசன் அண்ணைக்கும் தெரியாதே. என்னோடு உணவகக் குசினியில் வேலை செய்த மனிதர். சீனி வருத்தம் கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது. பளிச்சென்ற மஞ்சளையே வாங்கினேன்.

இன்று காலை வழக்கம்போல அவர்தான் கார் ஓட்டி என்னை ஏரிக்குக் கூட்டிப்போனார். கரையில் அவருடைய தூண்டிலை நான் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, உங்களுக்கெண்டு மஞ்சள் தங்கூசி வாங்கினனான். தெரியுதோ?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். "ஓம் தம்பி, வடிவாத் தெரியுது."

தங்கூசி இன்னும் என் கையில்தான் இருந்தது.

மதியம்வரை இருந்தோம், மீன் படவில்லை. புறப்படும்போது காரடியில் கையை நீட்டினேன். "கார்த் திறப்பைத் தாங்கோ அண்ணை, நான் ஓடுறன்."

தன் காரை யாரிடமும் கொடுக்காதவர் ஏனென்று கேட்கவில்லை. திறப்பைத் தந்துவிட்டு, மற்றப் பக்கக் கதவின் பிடியைத் தடவித் தேடினார்.

அவரை வீட்டில் இறக்கிவிட்டேன். திறப்பு இப்போது என் மேசையில் கிடக்கிறது. அவர் திருப்பிக் கேட்கவே இல்லை.