இரண்டு இயர்போனும் ஒரு கசெற்றும்

மார்கழி, செவ்வாய்

விடிந்ததிலிருந்து அடைமழை. கல்லாற்று ரோட்டில் வாவித் தண்ணீர். வெள்ளத்துக்கு ஓடிவந்த சின்னமாமி குடும்பமும் சேர, வீட்டில் கால் வைக்க இடமில்லை.

கட்டாரிலிருந்து இவர் பேசி அனுப்பிய கசெற்றை இன்றும் போட்டார்கள், பெரிய ரேடியோவில். மாமி அழ, பிள்ளைகள் கத்த, கோழி வேறு. கடைசியில் இவர் தணிந்த குரலில் எனக்கு மட்டும் என்னவோ சொல்கிறார்.

மச்சாள்: "அது உனக்குத்தான்கா. எங்களுக்கு விளங்கப்படாது."

எனக்கே விளங்கவில்லை, சனியன்!

சனிக்கிழமை கட்டார் போகிறவரிடம் பதில் கொடுக்க வேண்டும். அதே கசெற்றில், இவர் குரலுக்கு மேலேயே பதிந்து. எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

புதன்

டவுனுக்கு. தேங்காயெண்ணெய், பற்றரி, மாமிக்கு வெற்றிலை. தம்பியின் பழைய வோக்மேனுக்கு இயர்போன். இது வீட்டில் சொல்லவில்லை.

ரேடியோக் கடை நானா ஒன்றை மாட்டிவிட்டுப் பாட்டுப் போட்டார். தலைக்குள் மேளம். "பொடியனுகள் எல்லாம் இதத்தான் கேக்கிறானுகள் தங்கச்சி."

என் கசெற்றைப் போட்டேன். இவர் குடத்துக்குள் இருந்து பேசுகிற மாதிரி. யாரோ பெரிய மனிதர்.

அடுத்தது மலிவு. காதுக்குள்ளேயே செருகுவது. பாட்டு சப்பென்று இருந்தது. ஆனால் இவர் தொண்டையைச் செருமியது, மூச்சு வாங்கியது, எல்லாம் கேட்டது. இவரேதான்!

"பாட்டுக்கு இது சரிவராது."

"எனக்குப் பாட்டு வேணாம் நானா."

நல்ல சத்தம் என்றால் பெரிய சத்தம் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கடைசிப் பகுதியை அங்கே கேட்கவில்லை. ஆட்கள் முன்னால் வெட்கம்.

திரும்பி வரும்போது சென்றியில் ஆமிக்காரன் பையைக் கிளறி வயரைத் தூக்கிப் பார்த்தான். காதைத் தொட்டுக் காட்டினேன். விட்டான்.

வியாழன்

மழை விட்டது. அரிசி பொறுக்குகிற சாட்டில் குசினி மூலை. தலையில் முந்தானை, உள்ளே இயர்போன்.

"லீவு தாறாங்களாம். வரட்டா புள்ள? நீ வா எண்டா வாறன்."

திருப்பித் திருப்பிப் போட்டேன். வாங்க, வாங்க, வாங்க.

மாமி: "ஆரோட புள்ள பறையிறாய்?"

"அரிசியோட மாமி."

எவ்வளவு ஆசை எனக்கு. அந்தத் தோளில் ஒருதரம் முகத்தை வைத்தால் போதும்.

வெள்ளி

விடிய ஆமியின் சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட வளவுக்குக் கொண்டுபோனார்கள். பின்னேரம் விட்டார்கள். பக்கத்து வீட்டு மகனை மட்டும் விடவில்லை. இவரோடு ஒன்றாய்ப் படித்தவன். சமைக்கவில்லை.

சனி

வெயில். கட்டார் போகிறவர் வந்து முற்றத்தில் நிற்கிறார். எல்லோரும் பேசி முடித்து, என்னைத் தனியே விட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். மாமி மட்டும் கதவோரம்.

பட்டனை அமத்தினேன். வாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேலிக்கு அப்பால் அந்தத் தாய் மகனைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"வராதிங்க. அங்கேயே இரிங்க. நான் சுகமா இரிக்கன்."

மாமிக்குக் கேட்காதபடி தணிந்துதான் சொன்னேன். இவரும் காதுக்குள் வைத்துத்தான் கேட்க வேண்டும்.