உங்கள் அப்பா இப்போது நம் வீட்டில் இருக்கிறார்

என் பிரியமானவரே,

உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் செத்த நேரம் கிடைத்தது. உடம்பு அவ்வளவு அசதி. ராஜபாளையத்தில் ஐப்பசி மழை பிடித்திருக்கிறது. கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. அந்தத் துணிகளில் பாதி உங்கள் அப்பாவுடையவை.

ஆமாம், உங்கள் அப்பாதான். நம் கல்யாணத்துக்கு வராதவர். நீங்கள் ஞானஸ்நானம் எடுத்தபோது, தனக்கு இனி ஒரே மகன்தான் என்று ஊரெல்லாம் சொன்னவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் போன் போட்டும், குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டவர். அவர் இப்போது நம் முன்னறையில், உங்கள் கட்டிலில் படுத்திருக்கிறார். இது எப்படி நடந்தது என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீங்கள் போனது மார்கழியில். மில்லில் மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சபையார் உங்களை நல்லபடியாக அடக்கம் செய்தார்கள். அன்றைக்கு உங்கள் அப்பா கான்சாபுரத்திலிருந்து வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மண் போட்டு முடித்து நாங்கள் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எம்புள்ளைய உசுரோட இருக்கும்போதும் எடுத்துக்கிட்ட. செத்த பொறவும் எடுத்துக்கிட்ட."

அந்த வார்த்தையை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜெபத்தில் மன்னித்துவிட்டேன் என்று சொல்வேன். எழுந்து அடுப்படிக்குப் போவதற்குள் அது திரும்பி வந்துவிடும்.

சித்திரையில் அவர் தோட்டத்து மோட்டார் ரூம் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. உங்கள் தம்பி கண்ணன் பட்டாளத்திலிருந்து லீவு போட்டு வந்து கூடவே இருந்தார். லீவு முடிகிற சமயத்தில் எனக்குப் போன் வந்தது.

"மதினி, எனக்கு வேற நாதி இல்ல. வீட்டுக்காரியும் பிள்ளையும் வடக்க குவார்ட்டர்ஸ்ல கெடக்காங்க. கொஞ்ச நாளைக்கு அப்பாவப் பாத்துக்கிடுங்க. நடக்க ஆரம்பிச்சதும் நானே வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

நல்ல மனசோடு சரி என்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். முடியாது என்று சொன்னால் சபையில் என்ன நினைப்பார்கள் என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. அதற்குப் பிறகுதான் ஆண்டவர் ஞாபகத்துக்கு வந்தார்.

வந்த நாளிலிருந்து அவர் சுவரைப் பார்த்தே படுத்துக்கொண்டார். என் பேரைச் சொல்வதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் "ஏட்டி", வலித்தால் "ஏட்டி". முதல் தடவை நான் அவரைச் சுத்தம் பண்ணப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதட்டி. ஆம்பள ஆளு யாரையாச்சும் கூப்புடு."

"கூப்பிட ஆள் இல்ல மாமா. எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு. கண்ண மூடிக்கிடுங்க."

மூடிக்கொண்டார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கமாக இறங்கியது. அதைப் பார்த்தும் எனக்கு மனம் இளகவில்லை. என் முதுகு வலிதான் பெரிதாக இருந்தது.

நான் இன்னும் அதே பேண்டேஜ் கம்பெனிக்குத்தான் போகிறேன். பகலெல்லாம் முகம் தெரியாத யாருடைய புண்ணுக்கோ துணி மடித்துப் பாக்கெட் போடுகிறேன். நான் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா அவரை எட்டிப் பார்த்துக்கொள்கிறார். சாயங்காலம் வந்தால், படுத்தே கிடந்ததில் உங்கள் அப்பாவின் முதுகில் வந்த புண்ணைத் துடைத்து மருந்து வைக்க வேண்டும். பிறகு சமையல், துணி. பைபிளைத் திறந்தால் எழுத்தின் மேலேயே தூங்கிவிடுகிறேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நம் குடும்ப ஜெபத்தை எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பீர்கள். "ஆண்டவரே, எங்களை உம்முடைய சாயலாக மாற்றும்." நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்வேன். அந்த ஜெபத்துக்குப் பதில் இப்படி வரும் என்றோ, நீங்கள் இல்லாத நேரத்தில் எனக்கு மட்டும் வரும் என்றோ நான் நினைக்கவில்லை. கேட்டது நீங்கள்தானே?

சபையில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அது இன்னும் பாரமாக இருந்தது. பெண்கள் கூட்டத்தில் நம் போதகர் ஐயரின் மனைவி ஐயரம்மா என்னை எழுப்பிவிட்டு, "எஸ்தர் இப்ப ஒரு சாட்சி சொல்லுவாங்க. கிறிஸ்துவின் அன்புன்னா என்னன்னு நாம அவங்களைப் பாத்துத்தான் கத்துக்கணும்" என்றார்.

எழுந்து நின்றேன். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு அவரைப் பிடிக்கல" என்றேன். "அவர் மேல கையை வைக்கும்போதெல்லாம் கோவம்தான் வருது. அன்பு வரல. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

உட்கார்ந்துவிட்டேன். யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஐயரம்மா அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். அதன் பிறகு என்னிடம் சாட்சி கேட்பதில்லை.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், கம்பெனியில் கரண்ட் இல்லை என்று மத்தியானமே விட்டுவிட்டார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே உங்கள் அப்பா கண்ணனோடு போனில் பேசுவது கேட்டது.

"நாளைக்கு அமாவாசைலே. ஊரே மலைக்கும் ஆத்துக்கும் போகுது. நம்ம முத்துக்கு ஒரு வாய் எள்ளுத் தண்ணி எறைக்க ஆளில்ல. பிள்ளையும் இல்லாமப் போயிட்டான். நீ அங்க கெடக்க, நான் இங்க கெடக்கேன். கண்ண மூடுனா வந்து நிக்கான்லே. தாகத்தோட நிக்கான். தண்ணி கேக்கான்."

பிறகு, அவர் அழுகிற சத்தம் மட்டும்.

நான் செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றேன். நீங்கள் ஆண்டவரிடத்தில் இருக்கிறீர்கள், அங்கே பசியும் இல்லை தாகமும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் நான் இத்தனை நாள் சோறு தின்கிறேன், வேலைக்குப் போகிறேன். அவருக்கு அந்த ஆறுதல் இல்லையே. மார்கழியிலிருந்து அந்த மனுஷன், தன் பிள்ளை எங்கேயோ தண்ணீர் கிடைக்காமல் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அவரை நான் குளிப்பாட்டியிருக்கிறேன், புண் துடைத்திருக்கிறேன். இந்த வலி என் கண்ணில் படவே இல்லை. கல்லறை வாசலில் அவர் என்னைச் சொன்ன சொல்கூட அந்த நேரத்துக்கு எனக்கு மறந்துபோனது.

அடுப்படியில் உட்கார்ந்து ஆண்டவரிடம் கேட்டேன். அவர் கேட்கிற எள்ளுத் தண்ணீர் நம் விசுவாசத்துக்கு அடுக்குமா என்று கேட்டேன். இந்தத் துக்கத்தோடு இவர் ஆண்டவரிடமே வந்திருந்தால், அவர் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பாரா? அந்த ஒரு கேள்விதான் மனதில் நின்றது.

காலையில் கஞ்சி கொடுக்கும்போது சொன்னேன். "மாமா, உங்க மகனைப் பாத்துட்டு வருவமா?"

அவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். "எங்க?"

"அவிய இருக்க இடத்துக்கு. சொம்பும் எள்ளும் எடுத்துக்கிடுதேன். தண்ணி ஊத்திட்டு வருவோம்."

"உங்க ஆளுக விடுவாகளா?"

"நான் கூட வாரேன்ல."

ராஜம்மா அக்காவும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் இறங்கியதும் அவர் செருப்பைக் கழற்றச் சொன்னார். கோயிலுக்குப் போகிற மாதிரி வெறுங்காலோடுதான் உள்ளே வந்தார். பாதையெல்லாம் நெருஞ்சி. வாக்கரை ஒவ்வொரு அடியாக நகர்த்தி உங்கள் கல்லறைக்கு வந்து சேர்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. சிலுவையில் உங்கள் பேர் எழுதியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இம்புட்டு எடத்துலயா படுத்திருக்கான்?" என்றார்.

அவர் இடுப்பை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொம்பை இரண்டு கையாலும் தூக்கி, எள்ளும் தண்ணீருமாக ஊற்றினார். பாதி என் சேலையில் விழுந்தது.

"குடிலே முத்து. மெதுவாக் குடி" என்றார். "இன்னும் இருக்கு. மெதுவாக் குடி."

சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற குரல். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உங்களிடம் அப்படித்தான் பேசியிருப்பார், இல்லையா? உங்கள் அடக்கத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை. அவரும் அழுதார். ஒருவரையொருவர் விட்டால் இரண்டு பேரும் விழுந்துவிடுவோம், அதனால் பிடித்துக்கொண்டே அழுதோம்.

அந்தத் தண்ணீர் உங்களுக்குத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை அவர் ஊற்றியதற்காக நான் வருத்தப்படவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில், "மண்ணு நல்ல மண்ணுதான்" என்றார். விவசாயி அல்லவா.

இதோடு எல்லாம் நல்லபடியாக மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாளே கஞ்சியில் உப்பு இல்லை என்று டம்ளரைத் தள்ளிவிட்டார். தரையைத் துடைத்தது நான்தான். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டியில் என்னைக் கூப்பிட்டார்கள். நாங்கள் போனதைக் கமிட்டி ஆள் ஒருவர் பார்த்திருக்கிறார்.

"கல்லறையில எள்ளுத் தண்ணி எறைக்க வச்சிருக்கீங்க. நாளைக்கு எல்லாரும் இதையே செஞ்சா என்ன சொல்றது?" என்று கேட்டார் அவர்.

போதகர் ஐயர் பாவம், தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோங்கம்மா. ஞாயிறு பள்ளி வகுப்பை வேற யாராவது பாத்துக்கட்டும்" என்றார்.

அந்த வகுப்புதான் எனக்கு வாரத்தில் இருந்த ஒரே சந்தோஷம். நமக்குப் பிள்ளை இல்லாத குறையை அந்தப் பிள்ளைகள்தானே தீர்த்தார்கள்? பதில் சொல்ல என் வாயில் எவ்வளவோ வந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அது சாந்தமா, அசதியா? ஆண்டவருக்குத்தான் தெரியும். இப்போதும் ஞாயிறன்று அதே ஆலயத்துக்குத்தான் போகிறேன். வகுப்பு நடக்கிற பக்கம் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.

புரட்டாசிக் கடைசியில் கண்ணன் சொன்னபடியே வந்தார். ஊரில் சமைத்துப் போட ஒரு அம்மாவை ஏற்பாடு செய்திருந்தார். உங்கள் அப்பா இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார், அவ்வளவுதான். இந்த நாளுக்காக நான் எப்படிக் காத்திருந்தேன் தெரியுமா? நன்றாகப் படுத்துத் தூங்கலாம் என்று இருந்தேன். அவருடைய வேட்டிகளை நானே மடித்துப் பையில் வைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

கண்ணன் பையைத் தூக்கியபோது என் வாய்தான் பேசியது.

"மழைக் காலம் முடியட்டும். அங்க கக்கூசுக்கு முற்றத்தத் தாண்டிப் போகணும். ஈரத்துல திரும்பவும் விழுந்தா, பொறவு எந்திரிக்க முடியாது."

கண்ணன் என்னையே பார்த்தார். "மதினி, நெசமாவா சொல்லுதிய?"

நான் பதில் சொல்வதற்குள் உங்கள் அப்பா முந்திக்கொண்டார். "அவதான் சொல்லுதால்ல. பைய எறக்குலே."

கண்ணன் பஸ் ஏறிப் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மனம் மாறுவது என்றால் உள்ளே ஏதோ இனிப்பாக நடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. முதுகு வலிக்கிறது, கோபம் வருகிறது. அவர் இருமினால் மட்டும், சலித்துக்கொண்டே ஆனாலும், அவர் கூப்பிடாமலே நான் எழுந்து போகிறேன். முன்னெல்லாம் "ஏட்டி" என்று அவர் கத்தும் வரைக்கும் காத்திருப்பேன். ஆண்டவர் என்னில் செய்கிற வேலை இதுதானா? உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா? ஞாயிறுதோறும் அவர் போனை வைத்த பிறகு நீங்கள் சிரித்துக்கொண்டே, "இன்னைக்கு ஒரு இருமல் கேட்டுச்சு, அப்பாவுக்குச் சளி போல" என்று சொல்வீர்களே, அப்போது உங்களுக்கும் உள்ளே இப்படி அசதியாகத்தான் இருந்ததா? நான் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை.

உங்கள் அப்பாவை நேசிப்பேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அது என் கையில் இருக்கிற காரியமாகத் தோன்றவில்லை. விடிந்ததும் வெந்நீர் வைப்பேன். அவருக்கு முதுகு துடைத்துவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போவேன். நாளைக்கும் செய்வேன், அதற்கு அடுத்த நாளும் செய்வேன். மிச்சத்தை, நீங்கள் தினமும் ஜெபத்தில் கேட்டீர்களே, அந்த ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும் உங்கள் அப்பாவுக்கு மருமகளுமான
எஸ்தர்